நாம் விசாவில் வந்தவர்கள், அரிசோனா மசோதா நமக்கு எதற்கு?

அரிசோனாவின் சாண்ட்லர் நகர வாசகர் ஒருவர் கேட்டது, 5 ஜூன் 2024

நேற்று அரிசோனா பிரதிநிதிகள் அவையில் எச்.சி.ஆர். 2060 தீர்மானம் 31-29 என்று நிறைவேறிவிட்டது. வாட்ஸ்ஆப் குழுவில் ஆளாளுக்குப் பதறுகிறார்கள். எல்லை தாண்டி வருகிறவனைப் பிடிக்கிற சட்டம் இது. நாம் விசா வாங்கி, வரி கட்டி, வரிசையில் நின்று வந்தவர்கள். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இதில் லோக்கல் கட்சிக் கூட்டத்துக்குப் போங்கள் என்று ஒருவர் அறிவுரை வேறு. கிரீன் கார்டே வராதவனுக்குக் கட்சி எதற்கு?

5 ஜூன் 2024, இரவு

கூட்டத்துக்குப் போகச் சொன்னது நான்தான். அதனால் பதிலும் நானே சொல்கிறேன்.

முதலில் நேற்று நடந்தது என்ன என்று பார்ப்போம். இதற்கு முன்பே இதே மாதிரி ஒரு மசோதா, எஸ்.பி. 1231, சட்டமன்றத்தில் நிறைவேறி கவர்னர் கேட்டி ஹாப்ஸ் மேசைக்குப் போனது. மார்ச்சில் அவர் வீட்டோ செய்து தடுத்துவிட்டார். அதன் பிறகு குடியரசுக் கட்சியினர் வேறு வழி பிடித்தார்கள். மசோதாவாகக் கொண்டுவராமல், மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பும் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். அதற்குக் கவர்னர் கையெழுத்து வேண்டாம். நவம்பர் வாக்குச்சீட்டில் நேராக வந்துவிடும்.

பிரதிநிதிகள் அவையில் 60 பேர். குடியரசுக் கட்சி 31, ஜனநாயகக் கட்சி 29. செனட்டில் 30 பேர், அதில் குடியரசுக் கட்சி 16. அங்கே 16-13 என்று தேறியது. நிறைவேற 16 வேண்டும். ஒரே ஒரு ஆள் பின்வாங்கியிருந்தால் இரண்டு அவையிலும் விழுந்திருக்கும். இந்த ஒரு ஆள் கணக்கை மனதில் வையுங்கள், திரும்ப வருவேன்.

தீர்மானம் சொல்வது: நுழைவு மையம் அல்லாத இடத்தில் எல்லை தாண்டினால் அது மாநிலக் குற்றம். உள்ளூர் போலீஸ் பிடிக்கலாம், மாநில நீதிபதி திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு போடலாம். ஆனால் இந்தப் பகுதி உடனே அமலுக்கு வராது. டெக்ஸாஸின் எஸ்.பி. 4 அல்லது அதே மாதிரி வேறொரு மாநிலச் சட்டம் தொடர்ந்து 60 நாள் அமலில் இருந்தால்தான் இங்கேயும் வரும். டெக்ஸாஸ் சட்டம் இப்போது நீதிமன்றத் தடையில் நிற்கிறது.

நேற்று பார்வையாளர் மாடத்தை மூடி வைத்துவிட்டு விவாதம் நடத்தினார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள். மக்களிடம் அனுப்புகிற தீர்மானத்தை மக்கள் மாடத்தில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

6 ஜூன் 2024

"பயமுறுத்தாதீர்கள் அண்ணா, எல்லைக்கு மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறோம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, 2010-ல் நீங்கள் இங்கே இல்லை. நான் இருந்தேன், சாண்ட்லரில், எச்1பி வேலை விசாவில்.

அந்த வருஷம் ஏப்ரல் 23 அன்று கவர்னர் ஜேன் புரூவர் எஸ்.பி. 1070-ல் கையெழுத்துப் போட்டார். பிரதிநிதிகள் அவையில் 35-21, செனட்டில் 17-11. போலீஸ் வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்தும்போது, இவர் சட்டப்படி இந்த நாட்டில் இல்லையோ என்று நியாயமான சந்தேகம் வந்தால் குடியேற்ற நிலையை விசாரிக்க வேண்டும் என்பது அதன் மையம். முதலில் எழுதியபோது "சட்டப்பூர்வமான தொடர்பு" ஏற்பட்டாலே போதும் என்று இருந்தது. போலீஸிடம் வழி கேட்டால்கூட அது தொடர்புதானே? எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே வாரத்தில், ஏப்ரல் 30 அன்று, எச்.பி. 2162 என்ற திருத்தம் வந்தது. நிறுத்துதல், தடுத்து வைத்தல், கைது என்று சுருக்கினார்கள்.

அரிசோனா டிரைவிங் லைசென்ஸ் காட்டினால் சட்டப்படி இருப்பவர் என்று எடுத்துக்கொள்வார்கள். இது சட்டத்திலேயே உண்டு. சரி, நமக்குப் பிரச்சினை இல்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் நம் லைசென்ஸின் காலாவதி விசாவோடு கட்டப்பட்டது. நீட்டிப்பு மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதங்களில் லைசென்ஸ் செத்துப் போகும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அந்த ஜூலையில் அப்படி ஆனது. அவர் மனைவிதான் ஆபீசில் கொண்டுவந்து விடுவார், கூட்டிப்போவார். அவ்வளவு சட்டப்படி இருந்த மனிதர்.

என் அம்மா அந்தக் கோடையில் விசிட்டர் விசாவில் வந்திருந்தாள். அவளிடம் எந்த லைசென்ஸும் கிடையாது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் பக்கத்துப் பூங்காவில் நடப்பாள். பாஸ்போர்ட்டில் ஸ்டேப்பிள் அடித்த ஐ-94 என்ற வெள்ளை வருகைப் பதிவு அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, நான்காக மடித்து, சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். "எதுக்குடா இது, நடக்கத்தானே போறேன்" என்றாள். வியர்வையில் அந்தக் காகிதம் நைந்து போகும், வேறு நகல் வைப்பேன். பதினெட்டு வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது பழைய மத்தியச் சட்டம். யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. எஸ்.பி. 1070-ன் மூன்றாம் பிரிவு அதையே மாநிலக் குற்றமாக ஆக்கியது.

ஜூலை 28 அன்று நீதிபதி சூசன் போல்டன் அந்தப் பிரிவைத் தடுத்து நிறுத்தினார். மறுநாள் அமலுக்கு வர வேண்டிய சட்டம். அம்மாவிடம் சொன்னேன். அவள் பையிலிருந்து எடுக்கவில்லை, ஊருக்குப் போகும்வரை வைத்திருந்தாள்.

6 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

கீழே ஒருவர் "1070-ஐ சுப்ரீம் கோர்ட் தூக்கி எறிந்துவிட்டது" என்கிறார். முழுதாக எறியவில்லை. 2012 ஜூன் 25 தீர்ப்பில் மூன்று பிரிவுகள் போயின: ஆவணம் வைத்திருக்காதது குற்றம், அனுமதியில்லாமல் வேலை தேடுவது குற்றம், வாரண்ட் இல்லாமல் கைது. நிறுத்தியவரின் நிலையை விசாரிக்கச் சொன்ன 2(பி) பிரிவு நின்றது. அமலாகிற விதத்தைப் பார்த்துப் பின்னால் வழக்குப் போடலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். நடைமுறையில் அது எங்கே போகும் என்பதற்கு நம் பீனிக்ஸ் இருக்கிற மாரிக்கோபா கவுண்டியே (மாவட்டம்) சாட்சி. ஷெரிஃப் ஜோ அர்ப்பாயோவின் ஆட்கள் லத்தீன் இன மக்களை முகம் பார்த்து நிறுத்தினார்கள் என்று 2013-ல் நீதிபதி முர்ரே ஸ்னோ தீர்ப்பே எழுதினார்.

9 ஜூன் 2024

இனி கட்சி விஷயம். இதைப் பொறுமையாகப் படியுங்கள், நான் சொல்ல வந்ததே இதுதான்.

எஸ்.பி. 1070-ஐக் கொண்டுவந்தவர் ரஸ்ஸல் பியர்ஸ். மேசா நகரத்தின் செனட்டர், முன்னாள் ஷெரிஃப் துறை அதிகாரி. வரைவில் உதவியவர் கிரிஸ் கோபாக், பின்னாளில் கான்சாஸ் மாநிலச் செயலராக ஆனவர். பியர்ஸின் தொகுதி 18 குடியரசுக் கட்சியின் கோட்டை. நவம்பரில் யார் நின்றாலும் அந்தக் கட்சிதான் ஜெயிக்கும். அதனால் உண்மையான போட்டி, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கோடையில் நடக்கிற பிரைமரி தேர்தலில்தான். பிரைமரிக்கு வருவது கொஞ்சம் பேர், அதிலும் கொதிப்பு அதிகம் உள்ளவர்கள். அவர்களைத் திருப்திப்படுத்தினால் போதும், மற்ற மேசாவைப் பற்றிக் கவலையில்லை.

2010 நவம்பரில் செனட்டில் அந்தக் கட்சிக்கு 30-ல் 21 இடம் கிடைத்தது. பியர்ஸ் அவைத் தலைவர் ஆனார். அடுத்து ஐந்து மசோதாக்கள் வந்தன. ஆஸ்பத்திரி நோயாளியின் நிலையை விசாரிக்க வேண்டும், பள்ளிக்கூடம் பிள்ளைகளின் நிலையைக் கணக்கெடுக்க வேண்டும், இப்படி. அதில் ஒன்று எஸ்.பி. 1309. இங்கே பிறக்கும் குழந்தைக்கு அரிசோனா குடியுரிமை யாருக்கு உண்டு என்று அது வரையறுத்தது. பெற்றோரில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

எச்1பி இதில் எங்கே இருக்கிறது? எங்குமில்லை. வரிசையில் நின்று வந்தவனின் குழந்தையும் வேலி தாண்டி வந்தவனின் குழந்தையும் அந்த மசோதாவுக்கு ஒன்றுதான். "நாம் விசாவில் வந்தவர்கள்" என்று நாம் போட்டுக்கொள்கிற எல்லைக்கோடு, மசோதாவை எழுதியவர்களிடம் இருந்ததே இல்லை.

2011 மார்ச் 17 அன்று ஐந்தும் செனட்டில் தோற்றன. 21 பேர் வைத்திருந்த கட்சியின் சொந்த ஆட்களே எதிர்த்து வாக்களித்தார்கள். சில நாள் முன்னால் சுமார் அறுபது கம்பெனித் தலைவர்கள் சேர்ந்து பியர்ஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். மாநாடுகள் ரத்தாகின்றன, வியாபாரம் போகிறது, போதும் நிறுத்துங்கள் என்று.

நம் ஆட்கள் அன்றைக்கு எங்கே இருந்தோம்? இப்படி ஒரு மசோதா இருந்ததே எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பலருக்குத் தெரியாது. பொங்கல் விழாக் கணக்கு சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.

9 ஜூன் 2024, இரவு

ஒரு அக்கா கேட்கிறார்: "நம்மைத் தொடுகிறது என்பதால்தான் எதிர்க்க வேண்டுமா?" சரியான கேள்வி. மேலே எழுதியது எல்லாம் நம் பக்கத்துப் பயத்திலிருந்து எழுதியதுதான். ஆனால் எனக்குள் இருப்பது அது மட்டும் இல்லை. 2010-ல் எங்கள் அபார்ட்மெண்டில் கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம். அவர் கூரை வேலைக்காரர். 115 டிகிரி ஃபாரன்ஹீட்டில் காலை நாலரைக்கே வேனில் ஏறிப் போவார். அவர் மகளும் என் மகளும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போனார்கள். ஜூலை கடைசியில் ஒரு நாள் வீடு காலி. நியூ மெக்சிகோ போய்விட்டார்கள் என்று மேனேஜர் சொன்னார். மகள் அந்தப் பெண்ணின் பென்சில் பாக்ஸை ரொம்ப நாள் வைத்திருந்தாள், திருப்பிக் கொடுக்க.

என் வீட்டுக் கூரையைப் போட்டவரும் அவரைப் போல ஒருவர்தான். அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை நான் நியாயப்படுத்தவில்லை. பதினைந்து வருஷம் உழைத்த ஒருவரை இரவோடு இரவாகக் கிளம்ப வைக்கிற சட்டத்தை ஏற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

10 ஜூன் 2024

பியர்ஸ் கதையின் மீதி.

அரிசோனா அரசியல் சாசனத்தில் ரீகால் உண்டு. பதவியில் இருப்பவரை நடுவில் திரும்ப அழைக்க மக்கள் மனுப் போடலாம். தொகுதி 18-க்கு 7,756 கையெழுத்து தேவை. சரிபார்த்த பின் 10,365 செல்லும் என்று வந்தது. 2011 நவம்பர் 8 அன்று தேர்தல்.

ரீகால் தேர்தலில் பிரைமரி கிடையாது. இரண்டு கட்சிக்காரர்களும் கட்சி சாராதவர்களும் ஒரே சீட்டில் வாக்களிக்கிறார்கள். பியர்ஸை எதிர்த்து நின்றவர் ஜெர்ரி லூயிஸ். அவரும் குடியரசுக் கட்சி, பியர்ஸைப் போலவே மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர், சார்ட்டர் பள்ளி (அரசு நிதியில் தனியார் நடத்துவது) நிர்வாகி. அவரும் பழமைவாதிதான். குடியேற்றத்தில் மட்டும் பேச்சு வேறு மாதிரி இருந்தது. 1878-ல் மோர்மன்கள் நிறுவிய ஊர் மேசா. ரீகாலுக்கு முந்தைய வருஷம்தான், 2010-ல், யூட்டா மாநிலத்தில் குடும்பங்களைப் பிரிக்காத குடியேற்றக் கொள்கை வேண்டும் என்று யூட்டா காம்பாக்ட் என்ற அறிக்கை வந்து, மோர்மன் சபை அதை ஆதரித்திருந்தது. மேசா சபைக் குடும்பங்களுக்குள் அது நிறையப் பேசப்பட்டது.

மூன்றாவதாக ஸ்பானியப் பெயர் கொண்ட ஒரு வேட்பாளரும் வந்தார். லூயிஸுக்குப் போகும் லத்தீன் வாக்கைப் பிரிக்க பியர்ஸ் ஆதரவாளர்கள் நிறுத்திய ஆள் என்று நீதிமன்றம் வரை போனது. நம் ஊரில் ஒரே பெயரில் சுயேச்சைகளை நிறுத்துவார்களே, அதேதான். கடைசியில் அவர் விலகிக்கொண்டார், சீட்டில் பெயர் மட்டும் இருந்தது.

பியர்ஸ் தோற்றார். ஒரு வருஷம் முன்னால் மாநிலத்தையே ஆட்டிவைத்த அவைத் தலைவர், சொந்தத் தொகுதியில். ஊர் மாறவில்லை, வாக்காளர் பட்டியல் மாறவில்லை. பிரைமரி என்ற வடிகட்டி மட்டும் இல்லை.

அடுத்த வருஷம் பியர்ஸ் மறுபடி நின்றபோது பிரைமரியிலேயே பாப் வோர்ஸ்லி என்ற தொழிலதிபரிடம் தோற்றார். லூயிஸும் 2012-ல் மறுசீரமைத்த வேறு தொகுதியில் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரிடம் தோற்றார். அதையும் சொல்ல வேண்டும். நல்ல முடிவு கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

15 ஜூன் 2024

"அந்தக் கட்சி பிடிக்காமல் அதன் பிரைமரியில் போய் வாக்களிப்பது கள்ளத்தனம் இல்லையா?" என்று டெக்ஸாஸிலிருந்து ஒரு அண்ணன்.

இல்லை அண்ணா. இங்கே கட்சி சாராதவர்களுக்கு ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரிச் சீட்டைக் கேட்டு வாங்கும் உரிமை 1998-லேயே மக்கள் வாக்கெடுப்பில் கிடைத்தது. ஜனாதிபதி வேட்பாளர் தேர்வில் மட்டும் அந்த உரிமை கிடையாது. மாநில வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படிப் பதிந்தவர்கள். அதில் பெரும்பாலானோர் சீட்டைக் கேட்பதே இல்லை. நான் இருக்கிற கில்பர்ட்டில் எங்கள் செனட்டர் வாரன் பீட்டர்சன், இப்போதைய செனட் தலைவர். இங்கே நவம்பரில் மட்டும் வாக்களித்தால் முடிந்துபோன விஷயத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன். என்னை ஆளப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் நான் இருப்பதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. கெட்ட வேட்பாளரை ஜெயிக்கவைத்துக் கட்சியைக் கவிழ்க்கப் போவது வேறு. நான் இருப்பவர்களில் நல்லவரைத் தேடுகிறேன்.

சென்ற மாதம் தொகுதிக் கட்சிக் கூட்டத்துக்குப் போனேன். சர்ச் கூடம், மடக்கு நாற்காலி. முதலில் பிரார்த்தனை, கொடி வணக்கம், பிறகு சென்ற கூட்டத்தின் குறிப்பு. பி.சி. என்று சொல்கிற பிரீசிங்ட் (வாக்குச்சாவடி வட்டாரம்) கமிட்டி உறுப்பினர்கள் கழுத்தில் அட்டை தொங்கும். வாக்கு அவர்களுக்குத்தான். நான் பின்வரிசை. ஒரு பிரீசிங்ட்டுக்கு ஒரு பி.சி., அதற்கு மேல் அந்தக் கட்சியில் பதிந்த ஒவ்வொரு 125 வாக்காளருக்கும் இன்னொருவர். தலைவர் காலியிடம் உள்ள பிரீசிங்ட்களின் பெயரை வாசித்தார். வாசித்துக்கொண்டே போனார். எங்கள் தெருவும் அதில் இருந்தது.

இடைவேளையில் பிரதிநிதிகள் அவைக்கு நிற்கிற ஒருவரிடம் போய்ப் பேசினேன். தீர்மானத்தில் போலீஸ் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது கேமராவில் பதிவாகியிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, அதோடு சாசனப்படி போதுமான வேறு எந்த அடையாளமும் செல்லும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்களே, அந்த வரி யார் முகத்தில் போய் நிற்கும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என் நிலையைக் கேட்டார். இந்தியாவில் பிறந்தவனுக்கு கிரீன் கார்டு வர பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டார். அந்தக் கூடத்தில் இதை அவரிடம் சொன்ன முதல் ஆள் நான் என்பதுதான் எனக்கு உறைத்தது.

கிரீன் கார்டு வராதவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. வாக்கு இல்லை, நன்கொடை தரக் கூடாது. ஆனால் பொதுக் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம், உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம். எச்1பி-க்காரர் எழுதினாலும் அவர் தொகுதிவாசிதான்.

31 ஜூலை 2024

நேற்று பிரைமரி முடிந்தது. இரண்டு முடிவுகளைக் கவனியுங்கள்.

எச்.சி.ஆர். 2060-ன் முதல் பெயர் சபாநாயகர் பென் டோமாவுடையது. ருமேனியாவில் பிறந்து, கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து தப்பிய குடும்பத்தோடு சிறுவனாக வந்தவர். நாடாளுமன்றத்துக்கு எட்டாவது தொகுதியில் நின்றார், தோற்றார்.

அடுத்தவர் கென் பென்னட், ப்ரெஸ்காட் பக்கத்துச் செனட்டர். மே மாதம் இந்தத் தீர்மானத்துக்கு முதலில் தயங்கியவர். சிறுவயதில் கூட்டிவரப்பட்டு, டாகா என்ற திட்டத்தில் தற்காலிகப் பாதுகாப்பு பெற்ற இளைஞர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வாதாடினார். வாசகம் கொஞ்சம் மாறியது, பிறகு ஆதரவாக வாக்களித்தார். அவர் நேற்று மார்க் ஃபின்ச்செமிடம் தோற்றார். காரணம் இது ஒன்றே என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்குள் 2020 தேர்தல் சண்டையும் உண்டு. ஆனால் அடுத்த தடவை 16-வது ஆளாகத் தயங்க நினைக்கிறவருக்கு இது போதுமான செய்தி.

14 ஆகஸ்ட் 2024

ஒரு தீர்மானத்தில் ஒரு பொருள்தான் இருக்கலாம், இதில் எல்லை, ஃபென்டனில் போதை மருந்து, ஈ-வெரிஃபை (வேலை அனுமதியைச் சரிபார்க்கும் முறை) எல்லாம் கலந்திருக்கிறது என்று போட்ட வழக்கை மாநில சுப்ரீம் கோர்ட் நேற்று தள்ளிவிட்டது. எல்லாமே எல்லை சம்பந்தப்பட்டதுதான் என்றது. இனி வாக்குச்சீட்டில் வரும், புரொபொசிஷன் (மக்கள் வாக்கெடுப்புக் கேள்வி) 314 என்ற பெயரில்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மக்கள் நிறைவேற்றியதைச் சட்டமன்றம் சும்மா மாற்ற முடியாது. இரு அவையிலும் நான்கில் மூன்று பங்கு வேண்டும், அதுவும் அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு உதவுகிற திருத்தமாக இருக்க வேண்டும். 60-ல் 45. 30-ல் 23. இந்த மாநிலத்தில் அந்த எண்ணிக்கை கனவில்தான் கிடைக்கும். கவர்னரைத் தாண்டத்தான் இந்த வழி என்று ஜூனில் எழுதினேன். அதைவிட நீளமானது இதன் ஆயுள்.

8 நவம்பர் 2024

314 நிறைவேறியது. எண்ணிக்கை முடியவில்லை, ஆனால் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் ஆதரவு.

மூன்று நாளாக இதை யோசிக்கிறேன். பிரைமரி என்ற வடிகட்டியை எடுத்துவிட்டால் மக்கள் நிதானமாக முடிவெடுப்பார்கள் என்று 2011-ஐ வைத்து எழுதினேன். இப்போது வடிகட்டியே இல்லாமல் மாநிலம் முழுதும் வாக்களித்து இதை ஏற்றிருக்கிறது. லத்தீன் வாக்காளர்களிலும் ஆதரித்தவர்கள் குறைவில்லை, எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நம் தமிழர்களிலும் இருக்கிறார்கள். ஒரு நண்பர் என்னிடம் நேராகச் சொன்னார்: "பதினாலு வருஷம் வரிசையில் நின்றவன் நான். வரிசையை மதிக்காதவனுக்கு நான் ஏன் பரிந்து பேச வேண்டும்?" அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பதினாலு வருஷமும் எனக்கும் தெரியும்.

அதனால் மக்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று எழுத மாட்டேன். எல்லை கவலை உண்மையானது. டூசானிலும் யூமாவிலும் அந்த நெருக்கடியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

9 நவம்பர் 2024

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன், இரவு தூக்கம் வரவில்லை.

2022 நவம்பரில் இதே அரிசோனா புரொபொசிஷன் 308-ஐ நிறைவேற்றியது. இங்கே இரண்டு வருஷம் படித்து உயர்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு, ஆவணம் இல்லாவிட்டாலும், அரசுப் பல்கலைக்கழகத்தில் மாநிலவாசிக் கட்டணம். 51 சதவீதத்தைச் சற்றே தாண்டித் தேறியது. 2006-ல் இதே மாநிலம் புரொபொசிஷன் 300 மூலம் தடுத்த சலுகை அது.

அதே மாநிலம். இரண்டு வருஷ இடைவெளி. கேள்வி வேறு, பதில் வேறு. எல்லையில் சட்டம் வேண்டுமா என்றால் ஆமாம். இங்கே வளர்ந்த பிள்ளை படிக்கட்டுமா என்றாலும் ஆமாம். அப்படியானால் சீட்டில் எந்தக் கேள்வியை அச்சடிப்பது என்று முடிவெடுக்கிறவர் கையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. 308 எப்படி வந்தது? 2021-ல் பால் பாயர் என்ற குடியரசுக் கட்சிச் செனட்டர் கொண்டுவந்தார், அவர் கட்சியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து வாக்களித்தார்கள். 314-க்கு 31 பேரும் ஒட்டியே நின்றார்கள்.

அந்தச் சிலரை உள்ளே அனுப்புவதும் வெளியே அனுப்புவதும் பிரைமரி. பாயர் 2022-ல் மறுபடி நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி நான் அங்கேயேதான் வருகிறேன், ஆனால் ஜூனில் வந்த வழி வேறு, இது வேறு.

24 ஜனவரி 2025

திங்கள்கிழமை ஜனாதிபதி உத்தரவு வந்ததிலிருந்து குழுவில் தூக்கம் போய்விட்டது. பிப்ரவரி 19-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு, தாய் தற்காலிக விசாவில் இருந்து தந்தை குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இல்லையென்றால், குடியுரிமை கிடையாது. எச்1பி, அவர்கள் குடும்பத்தினருக்கான எச்4, மாணவர் விசா எல்லாம் அதில் அடக்கம். இந்தப் பக்கத்தில் 2011 மசோதாவைப் பற்றி நான் எழுதியதை இப்போதுதான் பலர் தேடி எடுத்துப் பகிர்கிறார்கள். பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்கிற அளவுக்குச் சிலர் போய்விட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். குழந்தை தன் நாளில் பிறக்கட்டும்.

நேற்று சியாட்டிலில் நீதிபதி ஜான் கஃபனார் உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டார். அந்த வழக்கைப் போட்டவை நான்கு மாநிலங்கள்: வாஷிங்டன், ஓரிகன், இல்லினாய், அரிசோனா. நம் மாநிலத்தின் பெயர் அதில் இருப்பதற்குக் காரணம் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கிரிஸ் மேயஸ். 2022-ல் அவர் ஜெயித்தது, மறு எண்ணிக்கைக்குப் பிறகு, 280 வாக்கில். சுமார் 25 லட்சம் வாக்குகளில் 280. தோற்றவர் ஏப் ஹமாதே. அவர்தான் சென்ற ஜூலையில் எட்டாவது தொகுதிப் பிரைமரியில் ஜெயித்து இப்போது நாடாளுமன்றத்தில் இருக்கிறார்.

சாண்ட்லர், கில்பர்ட், பீனிக்ஸ் வடக்கு என்று எடுத்தால் குடியுரிமை வாங்கிய தமிழர்களே 280 பேருக்கு மேல் இருப்போம். 2022-ல் எத்தனை பேர் வாக்களித்தோம்? "ஜனாதிபதித் தேர்தல் இல்லையே" என்று என்னிடம் சொன்னவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. கோபத்தில் எழுதவில்லை. அடுத்தது 2026-ல் வருகிறது.

2 பிப்ரவரி 2025

கேட்டவர்களுக்கு நடைமுறைப் பதில்கள்.

பி.சி. ஆக வேண்டுமென்றால் அந்தக் கட்சியில் பதிந்திருக்க வேண்டும். காலியிடத்துக்கு நியமனம் கிடைக்கும், தொகுதிக் கூட்டத்தில் போய் விண்ணப்பம் கேளுங்கள். ஆனால் நியமனமானவருக்கும் பிரைமரியில் தேர்வானவருக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் நடுவில் விலகினாலோ இறந்தாலோ, தேர்வான பி.சி.க்கள் கூடி மூன்று பேரை முன்மொழிகிறார்கள், கவுண்டி மேற்பார்வையாளர்கள் அந்த மூவரில் ஒருவரை நியமிக்கிறார்கள். பொதுத் தேர்தலே இல்லாமல் ஒரு சட்டமன்ற இடம். 31-29 என்று நின்ற அவையில் அந்த ஓர் இடம் எவ்வளவு எடை என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

நான் இத்தனை நாள் கட்சி சாராதவனாகவே இருந்தேன். சீட்டைக் கேட்டு வாங்கினால் போதும் என்று நினைத்தேன். பின்வரிசையில் உட்கார்ந்து காலியிடப் பட்டியலைக் கேட்ட பிறகு அது போதவில்லை. சென்ற வாரம் பதிவை மாற்றிவிட்டேன். எந்தக் கட்சி என்று கேட்டு இங்கே சண்டை வளர்க்க வேண்டாம். உங்கள் தொகுதியில் எந்தப் பிரைமரி முடிவெடுக்கிறதோ அதைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பதிவு மாற்ற தேர்தலுக்கு 29 நாள் முன்னால் வரை நேரம் உண்டு. ஆன்லைனில் செய்ய அரிசோனா லைசென்ஸ் அல்லது மாநில அடையாள அட்டை வேண்டும்.

குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு இருந்தாலும்கூட, தவறியும் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். லைசென்ஸ் அலுவலகத்தில் அவசரத்தில் நீட்டுவார்கள், "குடிமகனா" என்ற கட்டத்தை டிக் செய்தால் பின்னால் எல்லாமே போய்விடும். உங்களால் முடிந்தது கூட்டத்துக்கு வந்து பேசுவது. முதல் தடவை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். கில்பர்ட் பக்கமென்றால் காரில் கூட்டிப் போகிறேன்.